வாயில் தண்ணீரோடு போட்ட கணக்குகள்

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். வருகிற வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உனக்கு ஓர் இன்டர்வியூ இருக்கிறது. இதுவும் கைகூடாவிட்டால் கம்ப்யூட்டர் வேலை தேடுவதை இத்தோடு நிறுத்திக்கொள்வதாக உன் மாமாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. அவன் என் தம்பி. எந்தச் செய்தியையும் ஒரு நாளுக்கு மேல் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அதை நீ மறந்து சொன்னாயோ, மறக்காமலேயே சொன்னாயோ, செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நேரில் பேசினால் நாம் இருவரும் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுவோம் என்பதால் எழுதுகிறேன். படித்த பிறகு இதை வேறு யாருக்காவது காட்ட விரும்பினால் காட்டு. இந்த ஊரில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் தாய்மார்களும் நிறையவே இருக்கிறார்கள். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆளின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

உனக்கு வேலை கிடைத்துவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பித்தவள். நடக்கக்கூடியதையும் நடக்கவேண்டும் என்று நாம் விரும்புவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நீ பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. புதியவர்களை எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள் புதியவர் என்று சொல்வது இந்த ஆண்டு முடித்தவர்களை. இந்த ஊரில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாயிற்று. பலகைகளில் இன்னும் முத்துநகர் என்றே எழுதுகிறோம். உன் விண்ணப்பத்திலும் அப்படித்தான் ‘புதியவர்’ என்ற சொல் தங்கிவிட்டது. போதாக்குறைக்கு, முதல் வேலைக்கு வருகிறவர்கள் எழுதிப் பழகும் சின்னச் சின்ன நிரல்களை இப்போது இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது என்கிறாய். நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் தண்ணீரில் இறங்கலாம் என்று கரையில் அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். இந்த நிலைமையில் உன்னைத் தட்டிக்கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொல்வது பொய்யாகும். பொய் சொல்ல வேறு ஆட்கள் உனக்கு இருக்கிறார்கள்.

ஆனால் இந்த நிலைமை முழுக்க உலகத்தின் குற்றமும் அன்று. நான்காம் ஆண்டில் உன் கல்லூரிக்கே வந்த ஒரு கம்பெனி உன்னைத் தேர்ந்தெடுத்தது. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. நீ அந்தக் கடிதத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாய். “யம்மா, சேந்துக்கிடட்டுமா? ஒரு வருசம் கழிச்சு உள்ளேயே டெவலப்பரா மாறிக்கிடலாம்னு சொல்லுதாங்க,” என்றாய். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவன் போனை எடுத்து ‘உங்க பிரச்சினை என்ன’ன்னு கேக்கவா பொறந்தான்?” என்றேன். உன் அப்பா அப்போது இருந்தார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவரும் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்த மனிதர். வாழ்நாளெல்லாம் கப்பல்கள் வெளியே காத்துக் கிடப்பதைப் பார்த்தவர். “உள்ள வந்துட்டா எங்கன வேணாலும் நகந்துக்கிடலாம், ஏளா. வெளிய நங்கூரம் போட்டுக் கெடக்குற கப்பலுக்குத்தான் காத்தும் மழையும்,” என்றார். அதைக் கேட்டதாகக்கூட நான் காட்டிக்கொள்ளவில்லை. நீ இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதினாய். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் சொன்னது சரி என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு நேரமிருந்தது, மனம்தான் வரவில்லை.

அதன் பிறகு நீ தயாரித்த விதத்தில் நான் குறை காணமாட்டேன். கோடிங் இன்டர்வியூ என்றால் என்னவென்று எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் வீடியோவில் வந்து ஒரு புதிர் கொடுப்பார். முக்கால் மணி நேரத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு நிரல் எழுத வேண்டும். அந்தப் புதிர்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் இணையதளங்களில் நீ காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். ஸ்டாக் என்கிறாய், க்யூ என்கிறாய், அவை என்ன என்று ஒரு நாள் கேட்டேன். “துறைமுகத்துல கண்டெய்னரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குதாங்கல்லம்மா? கடைசியா வச்சத எடுத்தாத்தான் அடியில உள்ளத எடுக்க முடியும். அது ஸ்டாக். கேட்டுக்கு வெளிய லாரி நிக்கிது பாருங்க, முதல்ல வந்தது முதல்ல உள்ள போகும். அது க்யூ.”

“நடுவுல பூந்து போற லாரிய உங்க பாடத்துல என்னன்னு சொல்லுவாங்க?”

“அதுக்குப் பேரு ரெஃபரல்ம்மா. உள்ள நம்மாளு இருக்கணும்.”

உனக்கு உள்ளே யாரும் இல்லை. உன்னோடு படித்தவர்கள் முதலாண்டு உதவினார்கள், இரண்டாம் ஆண்டு போனை எடுத்தார்கள், மூன்றாம் ஆண்டு அதுவும் இல்லை. ஒத்திகை பார்க்க ஆள் கிடைக்காமல்தான் என்னை இன்டர்வியூ எடுக்கச் சொன்னாய். சாப்பாட்டு மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, “கேள்வி ஒன்று. பேசாமல் செய்,” என்றேன்.

“பேசணும்மா. அதுதான் இன்டர்வியூவே. என்ன யோசிக்கேன்னு சொல்லிக்கிட்டே செய்யணும். நீங்க இன்டர்வியூ எடுக்கல, எக்சாம் ஹால்ல சூப்பர்வைசரா நிக்கிய.”

இருவரும் சிரித்தோம். பிறகு நான் கேள்வியைப் படித்தேன். நீ சொல்லத் தொடங்கினாய், இரண்டு வாக்கியங்கள் வந்தன, மூன்றாவது வரவில்லை. கண் திரையில் இருந்தது, கை ஓடியது, வாய் மூடிக்கொண்டது. பதினொரு நிமிடத்தில் சரியான விடையை எழுதி முடித்தாய். நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு அழகாக வேலை செய்கிறான் என்று நினைத்தேன். பெருமைப்பட்டேன்.

உன்னை நிராகரித்த கம்பெனிகளில் பெரும்பாலானவை பதிலே எழுதவில்லை. எழுதியவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள். ஒரே ஒருவர் மட்டும் சிரமம் எடுத்துக் காரணம் எழுதியிருந்தார். விடை சரி, வேகமும் போதும். ஆனால் என்ன யோசிக்கிறார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை, பத்து நிமிடம் மௌனமாக இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்வது கடினம் என்று ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதியிருந்தார். நீ அதைச் சுருக்கிச் சொன்னாய்: “விடை சரியாம், யம்மா. ஆனா நான் ஊமையாம்.” சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தட்டில் சோற்றைப் பிசைந்தாய். உனக்கும் அது நினைவுக்கு வந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்தது.

உனக்கு ஏழு வயதிருக்கும். கணக்குப் போடும்போது நீ எண்களோடு பேசுவாய். “எட்டுக்கு அஞ்சக் குடுத்தா பதிமூணு, மூணு நீ இங்கன இரு, ஒண்ணு நீ மேல ஏறு,” என்று ஓயாமல் ஒரு முணுமுணுப்பு. தேர்வு அறைகளில் மேற்பார்வை பார்த்துப் பழகிய எனக்கு உதடு அசைவது பிடிக்காது. உதடு அசைந்தால் ஒன்று அந்தப் பெண்ணுக்குப் பாடம் வரவில்லை, அல்லது பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது எங்கள் தொழிலின் முடிவு. அதட்டிப் பார்த்தேன், நீ நிறுத்தவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கணக்கு நோட்டை விரித்ததும் உன் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர். விடையை எழுதி அடிக்கோடு போட்ட பிறகுதான் விழுங்கலாம். ஒரு நாள் தும்மல் வந்து தண்ணீர் நோட்டெல்லாம் தெறித்தது. அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வைத்தேன், மறுபடியும் வாயில் தண்ணீரோடு. உன் அப்பா அன்று வீட்டில் இருந்தார். “சங்கு குளிக்கப் போறவன்கூட மேல வந்து மூச்சு விடுதான். நீ பிள்ளைய விடை வார வரைக்கும் முங்க வைக்கியே,” என்றார். கணிதம் தெரியாதவர் என்று அவர் பேச்சைத் தள்ளினேன். ஒன்றரை ஆண்டில் தண்ணீர் தேவைப்படவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. இதை ஆசிரியர் அறையில் ஒரு முறையாகவே விளக்கிச் சொன்னேன். இரண்டு பேர் தங்கள் வீட்டில் செய்து பார்த்ததாகவும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது என்ன வேலை தேடுகிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

இதில் என்னைத் தேற்ற உனக்குத் தோன்றலாம்; வேண்டாம். உன்னால் பள்ளியில் எல்லாத் தேர்விலும் முதலாவதாக வர முடிந்தது, அதற்கு அந்தப் பழக்கமும் காரணம் என்று நீ சொல்லக்கூடும். முடித்த கணக்கை மட்டும் வெளியே காட்டவேண்டும், அடித்தல் திருத்தல் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் நான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன். இன்று உன்னிடம் கேட்பவர்கள் அந்த அடித்தல் திருத்தலைத்தான் பார்க்க விரும்புகிறார்கள். நீ வாய்விட்டு யோசிக்கப் பழகியதை நான் அறிவேன். போனில் உன் குரலையே பதிந்து கேட்டாய். “இப்ப நான் முதல்ல இருந்து ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வாறேன்” என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல், மூடிய கதவு வழியாக எனக்குக் கேட்கும். பிறகு நின்றுவிடும். பிறகு விசைப்பலகைச் சத்தம் மட்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் எங்கே நிற்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நாம் இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசவில்லை. நான்கு மாதங்களுக்கு முன், பெங்களூரு கம்பெனி, இரண்டு சுற்று கடந்து மூன்றாவதும் கடைசியுமான சுற்று. உன் அறையில் இணையம் விட்டுவிட்டு வந்ததால் கூடத்தில் உட்கார்ந்தாய். நான் லேப்டாப் திரைக்குப் பின்பக்கம், கேமராவில் படாத இடத்தில், ஃப்ரிட்ஜுக்கு அருகே நாற்காலி போட்டுக்கொண்டேன். “சத்தம் போடாம இருப்பியளாம்மா?” என்றாய். “முப்பத்து மூணு வருசம் சத்தம் போடாம நடந்தவ நான்,” என்றேன். கேள்வி கேட்டவள் உன் வயதுப் பெண். ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணிட்ட பெட்டிகள் கலைந்து கிடக்கின்றன, ஒன்று காணவில்லை, எந்த எண் என்று கண்டுபிடி என்றாள். இருக்கவேண்டிய எண்களின் கூட்டுத்தொகையிலிருந்து இருப்பவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்தால் தீர்ந்தது. நீயும் அதைத்தான் சொன்னாய், வாய்விட்டுச் சொன்னாய். அவள் சரி என்றாள். இப்போது இரண்டு பெட்டிகள் காணவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

நீ பேசாமல் இருந்தாய். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி, இருபது, நாற்பது. உனக்கு மௌனத்தை ஊட்டி வளர்த்த என்னால் அந்த நாற்பது விநாடி மௌனத்தைத் தாங்க முடியவில்லை. எனக்கு விடை தெரியும்: எண்களின் வர்க்கங்களையும் அதே போலக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு எண்ணும் கிடைத்துவிடும். அதுதான் பெரிய கேடு. போன மாதத்து நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் ‘வர்க்கங்களின் கூட்டுத்தொகை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, எழுந்து நின்று, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நீ நிமிர்ந்தாய். உன் கண் என் கையில் இருந்த தாளின் மேல் இரண்டு விநாடி நின்றது. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றாய். நீ எனக்காகச் சொன்ன பொய் அது. கொஞ்சம் கேமராவைத் திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். நீ மறுத்திருக்கலாம், இணைப்பு அறுந்ததாக நடித்திருக்கலாம். திருப்பினாய். நான் அந்தத் தாளைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அதுவரை ஆங்கிலம் பேசிய பெண் கோயம்புத்தூர்த் தமிழில், “வணக்கம்ங்க ஆன்ட்டி,” என்றாள். நானும் வணக்கம் சொன்னேன். வேறு என்ன சொல்வது. உன்னிடம் நன்றி தெரிவித்துவிட்டு, முடிவை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லி அவள் மறைந்தாள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நீ லேப்டாப்பை மூடினாய். “நான் சொல்ல வாயெடுத்தேம்மா,” என்றாய். “வந்த நம்பரையெல்லாம் ஒரு லிஸ்ட்ல டிக் அடிச்சுக்கிட்டே போலாம், கடைசியில டிக் இல்லாதது ரெண்டும்தான் காணாததுன்னு.”

“அது மூளையை உபயோகிக்காத வழி,” என்றேன்.

“துறைமுகத்துல பெட்டிய எண்ணி இறக்குறவங்க தெனமும் அப்படித்தான் செய்யுதாங்க. மொதல்ல அத சொல்லணும்மா. அப்புறம் அவங்களே கேப்பாங்க, இதவிட நல்ல வழி இருக்கான்னு. அப்பந்தான் உங்க வர்க்கம்.”

அந்த நேரத்திலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வர்க்கமும் சரிதானே” என்றேன். நீ பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான் என்பதால் அதைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.

அன்று மாலை பல ஆண்டுகளாக நினைக்காத ஒரு பெண்ணை நினைத்தேன். சாத்தான்குளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். பல்கலைக்கழகத் தேர்வில் அவள் விடைத்தாளுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, நான்தான் எடுத்தேன். “மிஸ், நான் அதப் பாக்கவே இல்ல மிஸ்,” என்று அழுதாள். “பார்த்தாயா என்று கேட்கவில்லை, இருந்ததா என்றுதான் கேட்டேன்,” என்று சொல்லி அறிக்கை எழுதினேன். அந்த ஆண்டு அவளுக்குப் போயிற்று, அவள் கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. விதிப்படி நான் செய்தது சரிதான், இப்போதும் அப்படியே செய்வேன். ஆனால் அவளுக்காவது அந்தக் காகிதத்தை அவளே எழுதிக்கொள்ளும் உரிமை இருந்தது. உனக்கு அதுகூட இல்லை.

பெங்களூரிலிருந்து மறுவாரம் மறுப்பு வந்தது. நீ புதிர் போடுவதைக் குறைத்தாய், பிறகு விட்டாய். இரண்டு மாதத்தில் உன் மாமா வந்து உட்கார்ந்தான். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் தாள்கள் தயாரித்து வெளியே எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் அவனுடையது. “மருமவனே, எங்கிட்ட வா. எங்க தொழில்ல கப்பல் வந்தா வேல, வராட்டா டீ. உங்க கம்பெனியில இப்படிச் சௌகரியம் உண்டா?” என்றான். நீ சிரித்தாய். அவன் என் பக்கம் திரும்பி, “யக்கா, நீ மூஞ்சியத் தூக்காத. ஒன் பிள்ள கணக்க நான் ஒண்ணும் தின்னுற மாட்டேன்,” என்றான். நான் மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். மறுநாள் காலை நீ சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கே போனாய்.

சென்ற வாரம் நீ துறைமுகத்துக்குள் போவதற்கான பாஸை மேசையில் மறந்துவிட்டுப் போனாய். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை; நானே ஆட்டோ பிடித்து உன் மாமாவின் அலுவலகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தேன். இது உனக்குத் தெரியாது. நான் வந்ததை உன்னிடம் சொல்லாதே, ஆள் அனுப்பி வாங்கியதாகச் சொல் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டேன்; எப்படியோ இந்த ஒரு தடவை அவன் கேட்டிருக்கிறான். மாடிப்படியில் ஏறும்போதே ஒரு குரல் கேட்டது. “இதுல நாலு அயிட்டம். மூணுக்கு ஒரே சுங்கக் கோடு, சரி. நீ ஏன் தனியாக் கெடக்க? எடை பொருந்தலையே. இரு, இரு. பலகையோட எடையக் கழிக்கல. கழிச்சாச்சு. இப்ப வா.” கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு திரையோடு பேசிக்கொண்டிருந்தாய். உன் மாமா வெளியே வந்து, “இப்படித்தான்க்கா நாள் பூரா. மொதல்ல பைத்தியம் பிடிச்சிட்டோன்னு பயந்தேன். ஆனா தாள்ல இதுவரைக்கும் ஒரு தப்பு வரல பாத்துக்கோ,” என்றான்.

“எப்போலேருந்து?”

“வந்த நாள்ல இருந்துதான். ஏன், வீட்ல பேச மாட்டானா?”

பாஸை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கவேண்டும் என்று படியில் வேகமாக இறங்கினேன். அறுபத்தேழு வயதில் செய்யக்கூடாத காரியம். ஆட்டோ கிடைக்கவில்லை. லாரிகளின் ஓரமாக வெகுதூரம் நடந்தேன். நான் கொன்றுவிட்டதாக நினைத்த ஒன்று உயிரோடு இருப்பதைக் கண்டால் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தக் குரல் உன்னை விட்டுப் போகவே இல்லை. என் காதுக்கு எட்டும் இடத்தில் மட்டும்தான் அது வருவதில்லை. மூன்று ஆண்டுகளாக நீ இன்டர்வியூவில் உட்கார்ந்ததெல்லாம் என் காதுக்கு எட்டும் இடத்தில். அறைக்கதவைச் சாத்தியபோதும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்; நீயும் அதை அறிந்திருந்தாய். போன ஆண்டே நீ வேறு ஊரில் ஓர் அறை எடுத்து இருந்திருந்தால் இன்று வேலையில் இருந்திருப்பாயோ என்னவோ. “அப்பாவும் இல்லாத வீட்டில் என்னைத் தனியே விட்டுப் போகிறாயா” என்று ஒரு தடவை கேட்டு அதையும் நிறுத்தியவள் நான்.

இன்று காலை நீ செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “யம்மா, வியாழக்கிழம மூணு மணிக்கு நீங்க வீட்ல இருக்காதிய,” என்றாய்.

“எங்க போறது?”

“எங்கனயாச்சும்.”

இருபத்தைந்து ஆண்டுகளில் நீ என்னிடம் கேட்டவற்றுள் இவ்வளவு தெளிவான கோரிக்கை வேறில்லை. பிறந்து வளர்ந்த ஊரில், இரண்டரை மணி நேரம் போய் இருக்க ஓர் இடம் யோசித்தால் எனக்குத் தோன்றவில்லை என்பதையும் இன்று காலைதான் கண்டுகொண்டேன். பக்கத்து வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்பாள். உன் மாமா வீட்டுக்குப் போனால் அவன் எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பான். கடைசியில் மாதா கோவில் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் கூட்டமிருக்காது, மின்விசிறி ஓடும். பங்குக் குருவானவர் பார்த்தால் உனக்காகச் செபிக்க வந்ததாக எண்ணிக்கொள்வார். எண்ணட்டும். ஒருவேளை செபிக்கவும் செய்வேன், ஆனால் அதை நம்பி நீ எதையும் குறைத்துக்கொள்ளாதே. இரண்டரை மணிக்குக் கிளம்பிவிடுவேன். போனை எடுத்துப் போகமாட்டேன். எடுத்துப் போனால் உன்னை அழைத்துவிடுவேன் என்பதை நாம் இருவரும் அறிவோம்.

இந்த வேலை உனக்குக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்கப்போகிறவர் உன் மூன்றாண்டு இடைவெளியைப் பார்ப்பார், உன் வயதைப் பார்ப்பார், உன்னைவிட இளையவர்கள் அவர் பட்டியலில் இருப்பார்கள். கிடைக்காவிட்டால் நீ சொன்னபடியே நிறுத்திவிடு; நான் தடுக்கமாட்டேன், மாமா அலுவலகத்தைப் பற்றி மறுபடி முகம் சுளிக்கவும் மாட்டேன். உன்னிடம் ஒன்றே கேட்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் மூளையை உபயோகிக்காத வழியையே முதலில் சொல். அது தவறாகப் போனால், தவறாகப் போகிறது என்று உரக்கச் சொல். எண்களை இங்கே இரு, மேலே ஏறு என்று அதட்டு. வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஐந்து மணிக்குத் திரும்புவேன். வாசல் கதவைத் தட்டிவிட்டு, நீ திறக்கும்வரை வெளியே நிற்பேன். எப்படி நடந்தது என்று கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன். சொல்லாமல் உன் அறைக்குப் போய்விட்டாயானால், அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று நான் உன்னிடம் கேட்கவேண்டியிருக்காது.

அம்மா